வடக்குச் சுவரை வரைந்தவர்

நீ இருந்தால் சிரிப்பாய். நம் துரை வீடு திரும்ப வந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை அபுதாபியில் முசஃபா ஆபீசில் மெயிலைத் திறந்தால் இங்கிலாந்திலிருந்து ஒரு வேலை. பழைய ஜாப் நம்பரைப் பார்த்ததுமே அந்த மாளிகைதான் என்று தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் லிஃப்ட் வைக்கப்போகிறார்களாம். அதற்காக நாம் வரைந்த ஷீட்டுகளைப் புது ஃபார்மட்டுக்கு மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். தரைத்தளம், வடக்குப் பகுதி என்ற ஷீட்டைத் திறந்தேன். வலது கீழ் மூலையில், ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் உன் இரண்டு எழுத்துகள் இருந்தன. ரிவிஷன் ஏ, முதலில் அனுப்பியது, உன் எழுத்து. ரிவிஷன் பி, திருத்தி அனுப்பியது, உன் எழுத்து. ஏ-க்கு நேராக இருக்க வேண்டியது என் எழுத்து. இது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த இரண்டு பேரில் நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் டீம் லீடர் இப்போது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது, கெட்டிக்காரி. எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பழைய ஸ்டாஃப் இன்ஷியல் எதும் இருக்கக் கூடாதுங்க சார். ரெண்டுலயும் உங்களுதே போட்டுருங்க” என்றாள். புது ஃபார்மட்டில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் பெயர்ப் பட்டியல் ஒன்று விரிகிறது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீ அந்தப் பட்டியலில் இல்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, டீ குடிக்கப் போவதுபோல் எழுந்து படிக்கட்டில் போய் நின்றேன். கீழே டயர்க் கடையில் யாரோ ரிம்மைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீடு நம்மிடம் முதலில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை நாம் வரைந்ததெல்லாம் கிடங்கு, லேபர் கேம்ப், கார் ஷெட். எல்லாம் தொண்ணூறு டிகிரி. திடீரென்று இங்கிலாந்தில் ஒரு கம்பெனி நானூறு வருஷத்து மாளிகையை லேசரால் அளந்து, லட்சக்கணக்கான புள்ளிகளாக அனுப்பி, இதைப் பிளானாக வரைந்து கொடுங்கள் என்றது. எனக்குத் தலைவலி. ஒரு சுவராவது இன்னொரு சுவருக்கு இணையாக இல்லை. உனக்கோ கல்யாண வீட்டுச் சாப்பாடு. டிபன் பாக்ஸைத் திறக்க மறந்து புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

முதலில் நடுவில் தாழ்ந்த கூரையோடு கரிய மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஒரு கூடம் மட்டும்தான் இருந்தது என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். பிறகு வந்த துரைக்கு அது பட்டிக்காட்டு வீடாகத் தெரிந்திருக்கிறது. அதை இடிக்காமல், முன்னால் உயரமாக ஒரு கல் முகப்பைக் கட்டி ஒட்டவைத்துவிட்டான். இந்தப் பக்கம் ஐந்து ஜன்னல், அந்தப் பக்கம் ஐந்து ஜன்னல். அந்தக் கணக்குச் சரியாக வருவதற்காக, உள்ளே புகைபோக்கி இருக்கிற இடத்தில்கூட வெளியே ஒரு ஜன்னலைச் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். “துரைக்கும் ஊருக்குக் காட்ட ஒரு மூஞ்சி வேணும்லா மக்கா” என்றாய். அவன் பேரனோ கொள்ளுப்பேரனோ பின்னால் ஒரு சிறகு இழுத்துச் சமையலறையை அதன் கடைசியில் வைத்தான். அங்கிருந்து சாப்பாட்டு மேஜை வரைக்கும் நீ அளந்து பார்த்து, சூப் ஆறித்தான் போயிருக்கும் என்று அவர்களுக்காக வருத்தப்பட்டாய். போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஏதோ பள்ளிக்கூடம், அதற்கென்று வரிசையாகக் கழிப்பறைகள். எங்கேயும் போய்ச் சேராமல் உத்தரத்தில் முட்டி நிற்கும் ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கலர் கொடுத்து வரையச் சொல்லியிருந்தார்கள். நீ அந்தக் கலர்களை ராகம் பிரிக்கிற மாதிரி பிரித்தாய். நான் எப்போது முடியும் என்று பார்த்தேன்.

நாம் இருந்த வீடும் லேசுப்பட்டதில்லை. யாரோ ஒரு அரபிக் குடும்பம் இருந்துவிட்டுப் போன வில்லா. ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்துத் தடுத்து, கடைசியில் எத்தனை ரூம் என்று அதை வாடகைக்கு விட்டவருக்கே தெரியாது. விருந்தாளிகளை உட்காரவைக்கிற மஜ்லிஸ் நாலு ரூமாகியிருந்தது, அதில் ஒன்று நமக்கு. மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் உனக்கு. உன் முழங்கால் ஏணி ஏறாது. மஜ்லிஸின் உட்கூரையில் நடுநாயகமாக ஒரு பெரிய ஜிப்சம் பூ இருந்திருக்கிறது. தடுப்பு அதன் நடுவில் போனதால் நம் பக்கம் பாதி, பக்கத்து ரூம் டிரைவர் பாய் பக்கம் பாதி. ஜன்னலும் அப்படித்தான். தள்ளித் திறக்கிற ஜன்னல். நாம் நம் கண்ணாடியைத் தள்ளினால் அது பாயின் பக்கம் போய் அவருடைய காற்றை அடைக்கும். அதனால் திறக்கும் முன் போர்டில் இரண்டு தட்டு தட்டி, “பாய், கோலூம்?” என்று கேட்க வேண்டும். அவர் திற என்று இந்தியில் “கோலோ, கோலோ” என்பார். ஒரு வெள்ளிக்கிழமை நீ டேப்பை எடுத்து அந்த வில்லாவையே அளந்து, துரை வீட்டுக்குப் போட்ட அதே கலர்களில் பிளான் போட்டுக் கதவில் ஒட்டினாய். வில்லா பழுப்பு, முதல் தடுப்பு நீலம், இரண்டாவது தடுப்பு பச்சை, பாத்ரூமுக்கு இடம் தேடி யாரோ மாடிப்படியின் அடியில் செய்த வேலை சிவப்பு. பாய் அதைப் பார்த்து அரைமணி நேரம் சிரித்தார்.

இனி அந்த வடக்குச் சுவர்.

துரை வீட்டின் பின்பக்கம் ஒரு நீளச் சுவர். ஒரு பக்கம் நடைவழி, மறுபக்கம் வரிசையாக இரண்டு அறைகள். அது என் பங்குக்கு வந்தது. புள்ளிகளைப் போட்டுப் பார்த்தால் சுவர் பாதி தூரத்தில் நாலு விரல் அளவு விலகி, லேசாகக் கோணிக்கொண்டு போனது. அளந்தவன் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். நாம் வரைகிற கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு, எஃப்-8. அதை அழுத்தினால் கோடு குறுக்கே போகும், அல்லது நெடுக்கே போகும், கோணலாகப் போகவே போகாது. நீ அந்தப் பட்டனைத் தொடமாட்டாய். எனக்கு அது இல்லாமல் கை ஓடாது. அழுத்தினேன், ஒரே இழுப்பு. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பளிச்சென்று நேரான சுவர். பார்க்கவே நன்றாக இருந்தது. ஷீட்டுக்கு உன் ஷீட்டையே காப்பி எடுத்திருந்தேன். மூலையில் உன் எழுத்தை மாற்ற வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

அதுதான் ரிவிஷன் ஏ.

பத்து நாளில் இங்கிலாந்திலிருந்து அவர்களுடைய பிளான் வந்தது. வீட்டுக்காரர் பின்பக்கம் பெரிய ஹாலாக்க விரும்பினார். பழைய சுவரென்றால் தொடக்கூடாது, பிற்காலத்துத் தடுப்பு என்றால் எடுக்கலாம் என்பது அங்கே சட்டம். கிழக்கு அறையில் அந்தச் சுவர் உட்கூரையில் செய்திருந்த பூவை வெட்டிக்கொண்டு போகிறது, ஆகவே சுவர் பூவுக்குப் பின்னால் வந்தது, எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். நம் ஷீட்டில் அது ஒரே கனத்தில் ஒரே கோடாக இருந்ததால் மேற்குப் பாதியையும் சேர்த்துச் சிவப்புப் புள்ளிக்கோடு போட்டுவிட்டார்கள். சிவப்புப் புள்ளிக்கோடு என்றால் இடிக்க வேண்டியது. வேலை முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாய். சாம்பார் கொதித்த வாசனை ரூமைவிட்டுப் போகவில்லை. நான் மேல்கட்டிலில் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கு மேலே கையெட்டும் தூரத்தில் அந்தப் பாதிப் பூ. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு தூங்கியவன் நான். ஆனால் உனக்குத்தான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்தாய்.

“மக்கா, போனை வை. கிழக்கு ரூமுல பூவு நம்ம பூவு மாதிரி பாதிதான். மேக்கு ரூமு போட்டோவுல பூவு முழுசால்லா இருக்கு? நடுவுல சரியா இருக்குலே.”

“இருந்தா என்னடா?”

“பூவு வெட்டுப்பட்டா பூவு முந்தி, சொவரு பிந்தி. பூவு நடுவுல ஒக்காந்திருந்தா சொவரு ஏற்கெனவே இருந்திருக்கு, அத பாத்துதான் பூவ வச்சிருக்கான். அப்பம் அந்தச் சொவரு ஒண்ணு இல்ல, ரெண்டு.”

சனிக்கிழமை லீவு நாள், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஆபீசைத் திறந்தோம். நீ புள்ளிகளைத் திறந்து நாலு விரல் விலகலைப் பார்த்தாய். அப்புறம் என் ஷீட்டைப் பார்த்தாய். “நேராக்கினியா?” என்று கேட்டாய். “க்ளீன் பண்ணேன்” என்றேன். நீ கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அத்தோடு போயிருக்கும். “கெட்டுனவன் கோணலா கெட்டியிருக்கான். ஒனக்கென்னலே அவசரம்?” என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு வரைய ஆரம்பித்தாய். மத்தியானத்துக்குள் ரிவிஷன் பி தயார். கோணலோடு, இரண்டு கனத்தோடு, இரண்டு கலரோடு. கூடவே பூவைப் பற்றி அரைகுறை இங்கிலீஷில் நாலு வரி. அவர்கள் மேற்குப் பாதியில் ஒரு சாண் அளவுக்குப் பூச்சை உரித்துப் பார்த்தார்களாம். உள்ளே கரிய மரச்சட்டம். முதல் துரைக்கும் முந்தைய கூடத்தின் சுவர் அது. இடிக்க ஆள் வர இன்னும் நாலு நாள்தான் இருந்ததாம்.

நன்றி சொல்லி ஒரு மெயில் வந்தது. முதல் ஷீட்டை எப்படி அவ்வளவு தப்பாக அனுப்பினீர்கள் என்று அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ரிவிஷன் ஏ-யைத் தூக்கிக் காட்டினார். “இது யாரு?” என்றார். மேஜையில் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது, நான் அதைப் பார்த்தேன். அதன் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டு பாதி கிழிந்திருந்ததுகூட இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

“எனக்க ஷீட்டுதான் சார்” என்றாய் நீ.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உன் கையைப் பிடித்து, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “ஒனக்க ஃபேமிலி விசா பேப்பரு அந்தாளு டேபிள்ல கெடக்கு. எனக்கு யாரு வரப்போறா? கெடக்கட்டும்லே” என்றாய். அடுத்த வாரம் உன்னைத் தொலைவில் பாலைவனத்து ருவைஸுக்கு மாற்றினார்கள். ரிஃபைனரியில் போட்டுமுடித்த பைப்புகளை அளந்து வரைகிற வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஏறியபோது, நாளைக்கே மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சொல்லவில்லை. முதலில் விசாவுக்கான லெட்டர் கைக்கு வரட்டும் என்று இருந்தேன். வந்தது. விசா முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. என் மனைவி பையனோடு வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

மூன்று வருஷம் அவர்கள் இங்கே இருந்தார்கள். பையன் கார்னிஷ் கடற்கரையில் சைக்கிள் பழகினான், அவள் வெள்ளிக்கிழமைகளில் மீன் குழம்பு வைத்தாள். அந்த மூன்று வருஷமும் நீ கொடுத்தது. அது தெரிந்திருந்தும் ஒருமுறைகூட உன்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீதான் போன் செய்வாய். ஒருதரம் வரிசையாகப் போகும் பைப்புகளைப் படம் பிடித்து அனுப்பி, “இங்க எல்லாம் நேரு மக்கா, ஒனக்குப் புடிக்கும்” என்று எழுதியிருந்தாய். வெறும் கிண்டல்தான், உனக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நான் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டு பதில் போடவில்லை. அதன் பிறகு போன் குறைந்தது. அப்புறம் பையன் படிப்புக்காக அவர்கள் பட்டுக்கோட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த வில்லாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்து, தடுப்பையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று டிரைவர் பாய் சொன்னார். போய்ப் பார்த்தேன். போர்டெல்லாம் வெளியே குவிந்து கிடந்தது. மஜ்லிஸ் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பூ முழுசாக இருந்தது. பாயின் பக்கத்துப் பாதியை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் இதழ்கள் ஊதுபத்திப் புகையில் மஞ்சளாகியிருந்தன, குறுக்கே போர்டு இருந்த இடத்தில் ஒரு கோடு. உனக்கு அனுப்பத்தான் படம் எடுத்தேன். என்ன எழுதி அனுப்புவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் எதற்கு என்பாய். நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் போயிற்று. லீவில் ஊருக்குப் போயிருந்த நீ நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். கீழே எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். நானும் போட்டேன். பூவின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

இப்போது தனி ஸ்டூடியோ ஃபிளாட். என் பக்கம், பாய் பக்கம் என்று எதுவும் இல்லாத முழு ஜன்னல். ஆனாலும் திறக்கும் முன் கை தானாகப் போய்ச் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிடுகிறது. கான்கிரீட் சுவர், அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிறது. யாரும் கோலோ என்பதில்லை. சமையலும் ஒருத்தனுக்கு என்று வைக்கப் பழகவில்லை, பாதி குப்பைக்குத்தான் போகிறது. வீட்டுக்குப் போன் செய்தால் பையன் இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். பேச ஆளில்லாமல் போவது என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. ருவைஸில் நீ எப்படி இருந்தாய் என்று நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை படிக்கட்டில் நின்றபோது இதெல்லாம்தான் ஓடியது. தப்பை உன் தலையில் கட்டியாயிற்று. இனி அந்தப் பெண் சொன்னபடி பி-யிலும் என் எழுத்தைப் போட்டால், நீ கண்டுபிடித்த சுவரும் என்னுடையதாகிவிடும். உன் பெயர் அந்த வீட்டில் எங்கேயுமே இருக்காது. நான் திரும்பி மேலே போய் நேராக மேனேஜர் ரூமுக்குள் நுழைந்தேன். அதே ஆள்தான். அடுத்த வருஷம் மதுரைக்குப் போய்விடப் போகிறார்.

“சார், துரை வீடு வந்திருக்கு. அந்த ரிவிஷன் ஏ நான் வரைஞ்சது. அவன் இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னைக்கே தெரியும்யா. அவன் வாழ்க்கையில ஒரு சுவரை நேராக்குனதில்ல, எனக்குத் தெரியாதா? யாரையாவது அனுப்பித்தான் ஆகணும்னு மேலருந்து சொல்லியிருந்தாங்க. கையைத் தூக்குனவன் அவன். நீ தூக்குவன்னு ஒரு நிமிஷம் பார்த்தேன்.”

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் ஸ்டேப்ளரைப் பார்த்துக் கழித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னாலேயே அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, இப்போ என்ன செய்யணுங்கற என்று கேட்டார். சொன்னேன். “போட்டுக்க” என்றார்.

டீம் லீடருக்குத்தான் புரியவில்லை. “அவரு லிஸ்ட்லயே இல்லைங்களே சார். இதை யாரும் பார்க்கப் போறதும் இல்லைங்க” என்றாள். பார்க்க மாட்டார்கள்தான் அம்மா, ஆனாலும் நான் கையாலேயே டைப் செய்துகொள்கிறேன் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போய்விட்டாள், நல்ல பிள்ளை. அன்று முழுக்க அந்த ஷீட்டை நானே மாற்றினேன். எஃப்-8 பக்கம் கை போகவில்லை. உன் நாலு விரல் கோணல், நீ போட்டபடியே இருக்கிறது. அவர்கள் அனுப்பிய புது போட்டோ ஒன்றில் அந்த மேற்கு அறை தெரிகிறது. சுவர் அப்படியே நிற்கிறது, அதற்கு நடுவாக மேலே முழுப் பூ.

நேற்று ஷீட் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. மூலையில் இருக்கும் கட்டத்தை அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிவிஷன் ஏ, வடக்குச் சுவர் தவறாக வரையப்பட்டது, என் எழுத்து. அதற்குக் கீழே ரிவிஷன் பி, திருத்தியது, உன் எழுத்து. மேல்கட்டிலில் நான், கீழ்க்கட்டிலில் நீ.